ஹம்பியிலிருந்து ஹூப்ளிக்கு: நூறு கிலோமீட்டர் சுற்றிப் போங்கள்

இந்தியாவுக்கு விடுமுறையில் போகும் எங்கள் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். "காலை ஹோட்டலில் இருந்து புறப்பாடு. வாகனத்தில் பயணம். மாலை அடுத்த ஊர்." அந்த நாளில் பார்ப்பதற்கு என்று எதுவும் எழுதியிருக்காது. பிள்ளைகள் பின் இருக்கையில் தொலைபேசியோடு, அம்மா பாதித் தூக்கத்தில், அப்பா முன்னால் இருந்து சாரதியிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டபடி. ஒரு முழு நாள் அப்படியே போய்விடும்.

நான் கணினித் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு திட்டத்தில் செலவு மட்டும் இருந்து பலன் எதுவும் இல்லாத ஒரு நாளைக் கண்டால், அதை என்ன செய்யலாம் என்றுதான் முதலில் பார்ப்பேன். விடுமுறைத் திட்டத்திலும் அதே பழக்கம். வரைபடத்தை எடுத்து, அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே என்ன இருக்கிறது, எவ்வளவு சுற்ற வேண்டும் என்று பார்ப்பேன். இந்தியாவில் அநேகமாக எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

அப்படிக் கிடைத்த நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது கர்நாடகத்தின் வடக்கே உள்ள ஒரு சாலை. ஹம்பியைப் பார்த்துவிட்டு ஹூப்ளி விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் ஹோஸ்பேட்டையிலிருந்து கொப்பள், கதக் வழியாக நேரே போவார்கள். ஏறக்குறைய 160 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஆனால் வடக்கே வளைந்து ஐஹோளே, பட்டடக்கல், பாதாமி என்ற மூன்று ஊர்களைத் தொட்டுப் போனால் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டரும் கொஞ்சமும் கூடுதல். அந்த நூறு கிலோமீட்டருக்குள் 1,400 வருடப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

பாதாமி என்றால் உங்களில் பலருக்குத் தெரியாது. வாதாபி என்றால்? கர்நாடக இசை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் "வாதாபி கணபதிம்" ஹம்சத்வனி ராகத்தில் வரும் பாட்டு. லண்டன், டொரொண்டோ, ஒஸ்லோ என்று எந்த ஊர்த் தமிழர் இசை விழாவுக்குப் போனாலும் அதை யாராவது ஒரு பிள்ளை பாடும். அந்தப் பாட்டில் வரும் வாதாபிதான் இந்தப் பாதாமி.

யார் யாரோடு சண்டை?

6ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டு வரை தென்னிந்தியாவில் இரண்டு பெரிய அரசுகள் நேருக்கு நேர் நின்றன. வடக்கே வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியர். தெற்கே காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட பல்லவர். நடுவில் இருந்த வளமான நிலம் யாருக்கு என்பதுதான் பிரச்சினை.

மூன்று சம்பவங்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை தானாகப் பொருந்தும்.

ஒன்று: சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசி (610 அளவில் ஆட்சிக்கு வந்தவன்) பல்லவ நாட்டுக்குள் படையெடுத்துக் காஞ்சியின் மதில் வரை வந்தான். அப்போது காஞ்சியில் மகேந்திரவர்மன்.

இரண்டு: மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் 642இல் வாதாபிக்கே போய் அந்த நகரைப் பிடித்தான். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த "மாமல்லன்" இவன்தான்.

மூன்று: நூறு வருடம் கழித்து, சாளுக்கியரில் இரண்டாம் விக்கிரமாதித்தன் (733இல் ஆட்சிக்கு வந்தவன்) காஞ்சியைப் பிடித்தான்.

இந்த மூன்று சம்பவங்களுக்கும் கல்லில் எழுதிய சாட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை ஒரே நாளில், ஒரே வாகனத்தில் போய்ப் பார்க்கலாம்.

போவதற்கு முன் இன்னொன்று. எங்கள் வீடுகளில் புலிகேசி என்றால் முதலில் நினைவுக்கு வருவது 2006இல் வெளியான படமும் வடிவேலுவும்தான். கர்நாடகத்தில் புலிகேசி என்றால் மாபெரும் அரசன். அவனைப் பற்றி 1967இல் ராஜ்குமார் நடித்த கன்னடப் படமே உண்டு. வடக்கே ஹர்ஷவர்த்தனரின் படையை நர்மதை ஆற்றங்கரையில் நிறுத்தியவன் அவன். சீனத் துறவி யுவான் சுவாங் அவனுடைய நாட்டுக்கு வந்து, அந்த மக்களின் மானத்தையும் போர்க் குணத்தையும் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சாரதியிடம் வடிவேலு பகிடியைச் சொல்லும் முன் இதை நினைவில் வைத்திருங்கள்.

முதல் நிறுத்தம்: ஐஹோளே

காலை ஆறு மணிக்கு ஹோஸ்பேட்டையிலிருந்து புறப்பட்டால், குஷ்டகி, இல்கல், அமீன்கட் வழியாக ஒன்பது மணி அளவில் ஐஹோளே வந்துவிடும். இல்கல் சேலைக்குப் பெயர் போன ஊர். அமீன்கட்டில் "கரதண்டு" என்று உலர்பழமும் பிசினும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் ஓர் இனிப்பு கிடைக்கும். ஒரு பெட்டி வாங்கி வைத்தால் மத்தியானம் வரை பிள்ளைகள் பசி என்று சொல்ல மாட்டார்கள்.

ஐஹோளே இன்று மலப்பிரபா ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கிராமம். அதற்குள்ளும் சுற்றிலும் நூறுக்கு மேற்பட்ட பழைய கோயில்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லை. காரணம் எளிது. கல்லில் கோயில் கட்டுவதை அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். அதுவரை மரத்தாலும் செங்கல்லாலும் கட்டியவர்கள், இங்கே கிடைக்கும் சிவந்த மணற்கல்லில் என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

லாட்கான் கோயிலின் கூரையைக் கவனியுங்கள். சரிந்த கற்பலகைகள். இரண்டு பலகை சேரும் இடுக்கின் மேல் நீளமான கல் ஒன்றை மரக்கட்டை மாதிரிச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. மர வீட்டின் கூரையைக் கல்லில் பிரதி எடுத்த மாதிரி. லாட்கான் என்பது கடவுளின் பெயர் அல்ல. பிற்காலத்தில் அதற்குள் குடியிருந்த ஒருவரின் பெயர். பக்கத்தில் இருக்கும் துர்க்கை கோயிலும் அப்படித்தான். அது துர்க்கைக்குக் கட்டிய கோயில் அல்ல. "துர்க்" என்றால் கோட்டை. கோட்டையோடு சேர்ந்து இருந்ததால் அந்தப் பெயர். பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். படம் எடுக்க எல்லோரும் நிற்கும் இடம் அதுதான்.

ஆனால் நீங்கள் இங்கே வந்த முக்கியக் காரணம் குன்றின் மேல் இருக்கிறது. "மேகுடி" என்று ஒரு சமணக் கோயில். கன்னடத்தில் "குடி" என்றால் கோயில், "மேலே" என்றால் மேலே. எங்கள் சாரதி "மேலே குடி" என்று கையை உயர்த்திக் காட்டியபோது யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்தக் கோயிலின் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு. 634–635இல் பொறித்தது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பழைய கன்னட எழுத்து. எழுதியவர் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர். இந்தக் கோயிலைக் கட்டுவித்தவரும் அவரே. காளிதாசருக்கும் பாரவிக்கும் நிகரான புகழ் தனக்கு உண்டு என்று தன்னைப் பற்றி அதில் எழுதிக்கொண்டார். அவருடைய தற்பெருமையால் எங்களுக்கு ஒரு நன்மை: காளிதாசர் 634க்கு முன் வாழ்ந்தவர் என்பதற்கு இது உறுதியான சான்று.

ரவிகீர்த்தி தன் அரசன் புலிகேசியின் வெற்றிகளை வரிசையாகச் சொல்கிறார். அதில் பல்லவர் பகுதி வரும். பல்லவ அரசனின் பெயரைக் கூட அவர் சொல்லவில்லை. புலிகேசியின் படை எழுப்பிய தூசியில் அவன் ஒளி மங்கி, காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் மறைந்தான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பிறகு புலிகேசி காவிரியைக் கடந்தான் என்றும், சோழ, சேர, பாண்டியருக்கு நன்மை செய்தான் என்றும் வருகிறது.

இதே போரைப் பற்றிப் பல்லவர் என்ன எழுதினார்கள்? 8ஆம் நூற்றாண்டின் காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் தன் முக்கியப் பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது. புள்ளலூர் காஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பகைவன் தலைநகருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான் என்பது அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் வென்றது யார்? ரவிகீர்த்தியைக் கேட்டால் புலிகேசி. காசாக்குடியைக் கேட்டால் மகேந்திரவர்மன்.

இரண்டு அறிக்கைகள் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது? ஒன்றைத் தூக்கி எறியக் கூடாது. இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். புலிகேசி வந்தான். காஞ்சி வரை நெருங்கினான். காஞ்சி விழவில்லை. இந்த மூன்றையும் இரண்டு பக்கமும் மறுக்கவில்லை. மிச்சம் எல்லாம் அரண்மனைப் புலவரின் வேலை.

இரண்டாம் நிறுத்தம்: பட்டடக்கல்

ஐஹோளேயிலிருந்து பட்டடக்கல் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பெயரை உடைத்துப் பாருங்கள்: பட்டம், கல். சாளுக்கியர் முடி சூட்டிக்கொண்ட இடம். 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இங்கே கோயில்கள் ஒரே வளாகத்தில் நெருக்கமாக நிற்கின்றன. வட இந்திய பாணியில் வளைந்த கோபுரத்தோடு ஒன்று, அதன் பக்கத்திலேயே தென்னிந்திய பாணியில் அடுக்கடுக்காக ஏறும் விமானத்தோடு இன்னொன்று. வட, தென் பாணிகள் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடும். இங்கே ஒரு புல்வெளியில் நின்று தலையை இடமும் வலமும் திருப்பினால் போதும்.

எல்லாவற்றிலும் பெரியது விருபாக்ஷர் கோயில். 740 அளவில் கட்டியது. இன்றும் பூசை நடக்கிறது. கட்டுவித்தவர் ஓர் அரசி. பெயர் லோகமகாதேவி, இரண்டாம் விக்கிரமாதித்தனின் மனைவி. கணவன் காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாகக் கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் மல்லிகார்ச்சுனர் கோயிலைக் கட்டுவித்தவர் அவருடைய தங்கை திரைலோக்கியமகாதேவி. அவரும் அதே அரசனின் மனைவி.

இப்போது இந்த விருபாக்ஷர் கோயிலை நன்றாகப் பாருங்கள். காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? அந்த விமானம், சுற்றுமதிலோடு ஒட்டிய சின்னச் சின்னச் சந்நிதிகள். அந்த ஞாபகம் வரும். காஞ்சியை வென்றதைக் கொண்டாடக் கட்டிய கோயில் காஞ்சியின் கோயிலைப் பார்த்துக் கட்டியது போல இருக்கிறது.

காரணம் காஞ்சியிலேயே எழுதி வைத்திருக்கிறது. விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது கைலாசநாதர் கோயிலுக்கு வயது ஒரு தலைமுறைதான். பல்லவ அரசன் இராஜசிம்மன் கட்டியது. உள்ளே நிறையப் பொன். நூறு வருடங்களுக்கு முன் பல்லவர் சாளுக்கியத் தலைநகரை அழித்திருந்தார்கள். பழி வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. விக்கிரமாதித்தன் என்ன செய்தான்? கோயிலின் செல்வத்தைப் பார்வையிட்டான். அதை எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கோயிலின் முன்மண்டபத் தூண் ஒன்றில் கன்னடத்தில் பொறிக்கவும் செய்தான். அந்தத் தூண் இன்றும் காஞ்சியில் இருக்கிறது. அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடும் அவன் காஞ்சியை அழிக்காமல் உள்ளே போனான் என்றே சொல்கிறது.

அவன் பெரிய ஞானி என்று நான் சொல்ல வரவில்லை. காஞ்சிக்குள் படையோடு போனவன்தான். கோயில் பொன்னைத் திருப்பிக் கொடுத்தது அரசியலாகவும் இருக்கலாம்: "உங்கள் மூதாதையர் எங்கள் ஊரில் செய்ததையும், நான் உங்கள் ஊரில் செய்ததையும் பாருங்கள்" என்று காட்டுவதற்காக. இருக்கட்டும். பழி வாங்கும் வழிகளில் இதைவிட நல்லதை நான் கேள்விப்பட்டதில்லை.

விருபாக்ஷர் கோயிலின் கிழக்கு வாசலில் இன்னொரு விஷயம் உண்டு. கட்டிய பொறியாளரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். குண்டன் அனிவாரிதாசாரி, சர்வசித்தி ஆசாரி என்று பெயர்கள். ஒருவரைத் "தென்திசையின் சூத்திரதாரி" என்று சொல்கிறார்கள். தென்னிந்திய பாணியில் கைதேர்ந்த சிற்பி என்று அதற்கு விளக்கம் தருவார்கள். பொறியியல் படித்த எனக்கு அந்த இடத்தில் நின்றபோது மகிழ்ச்சியாக இருந்தது. பழைய கட்டடங்களில் அரசனின் பெயர் இருக்கும், கட்டியவனின் பெயர் கிடைப்பது அரிது.

கதை இத்தோடும் நிற்கவில்லை. சில வருடங்களில் இராட்டிரகூடர் சாளுக்கியரை வீழ்த்தினார்கள். அவர்கள் எல்லோராவில் மலையைக் குடைந்து செய்த கைலாசநாதர் கோயிலுக்கு இந்த விருபாக்ஷர் கோயில்தான் மாதிரி என்று வரலாற்றாளர்கள் பலர் சொல்கிறார்கள். காஞ்சி, பட்டடக்கல், எல்லோரா. ஒவ்வொரு முறையும் வென்றவன் தோற்றவனிடம் படித்திருக்கிறான்.

மூன்றாம் நிறுத்தம்: பாதாமி

பட்டடக்கல்லில் இருந்து பாதாமிக்கு 22 கிலோமீட்டர். மத்தியானச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளலாம். வெள்ளைச் சோள ரொட்டி, எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய், நிலக்கடலைச் சட்னி. எங்கள் வீடுகளில் சோளம் என்றால் மஞ்சள் சோளம். இது அது அல்ல. தட்டையான, மென்மையான ரொட்டி. இதமாகப் பசி தீரும்.

பாதாமியைப் பார்த்ததும் ஏன் இங்கே தலைநகர் என்று புரிந்துவிடும். இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறை. நடுவில் ஒரு ஏரி. ஏரிக்கு அகத்திய தீர்த்தம் என்று பெயர். 543இல் முதலாம் புலிகேசி இந்தப் பாறை மேல் கோட்டை கட்டியதைச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும், தண்ணீருக்கும் குறைவில்லை.

தெற்குப் பாறையில் நான்கு குடைவரைகள். முதலாவதில் பதினெட்டுக் கைகளோடு ஆடும் சிவன். இரண்டாவதும் மூன்றாவதும் திருமாலுக்கு. நான்காவது சமணருக்கு. மூன்றாவதில் இருக்கும் கல்வெட்டில் 578 என்று காலம் தெளிவாக இருக்கிறது. புலிகேசியின் சித்தப்பா மங்களேசன் செய்வித்தது.

642இல் இந்த ஊருக்குத்தான் நரசிம்மவர்மனின் படை வந்தது. காஞ்சிக்கு அருகே மணிமங்கலம் முதலிய இடங்களில் புலிகேசி தோற்று, பின்வாங்கி, பல்லவர் இங்கே வரை துரத்தி வந்தார்கள். பல்லவரின் கூரம் செப்பேடு, ஓடிய புலிகேசியின் முதுகையே பலகையாக்கி நரசிம்மவர்மன் "விஜய" என்ற எழுத்துகளை எழுதினான் என்கிறது. இன்னொரு செப்பேடு, வாதாபி என்ற அசுரனை அகத்தியர் அழித்த கதையோடு வாதாபி நகரை இவன் அழித்ததை ஒப்பிடுகிறது. ரவிகீர்த்திக்கு இந்தப் பக்கமும் ஆள் இருந்தது தெரிகிறதா?

பாதாமியிலேயே ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு இருக்கிறது. சிதைந்த நிலையில்தான் இருக்கிறது. ஆனாலும் எதிரியின் தலைநகரில், எதிரியின் பாறையில் எழுதிய எழுத்து. பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்து, புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 655இல் மீட்கும் வரை சாளுக்கியரின் தலைநகர் பல்லவர் கையில்தான் இருந்தது.

வாதாபி கணபதி? பரஞ்சோதி என்ற பல்லவத் தளபதி இங்கிருந்து கணபதி சிலையை எடுத்துப் போய்த் திருச்செங்காட்டங்குடியில் வைத்தார் என்பது மரபு. பரஞ்சோதி வாதாபிப் போருக்குப் போனதை 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்கிறது. அவர்தான் பிறகு சிறுத்தொண்ட நாயனார். சிலை வந்த கதை செவிவழியாக வந்தது. அந்தக் காலக் கல்வெட்டிலிருந்து வந்ததல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டே பாட்டை ரசிக்கலாம். பாட்டு ஒன்றும் குறைந்து போகாது.

"அப்ப இஞ்சை நாங்கள் ஆர்?"

ஏரிக்கரையில் இதையெல்லாம் சொன்னபோது அண்ணாவின் மகள், பதினான்கு வயது, ஒரு கேள்வி கேட்டாள். "சித்தப்பா, அப்ப இந்த ஊரை எரிச்சது நாங்களா? அப்ப இஞ்சை நாங்கள் கெட்ட ஆக்களா?"

நல்ல கேள்வி. எங்கள் வீடுகளில் கல்கியின் "சிவகாமியின் சபதம்" ஒரு பெரிய நாவல். அம்மம்மாக்கள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள். அதில் வாதாபி விழுவது எங்கள் வெற்றி. ஆனால் பாதாமிக்கு வந்து, இந்த ஏரியைப் பார்த்து, இங்கே வீடு வைத்திருந்தவர்களை நினைத்தால் அதே வெற்றி வேறு மாதிரித் தெரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள் நாங்கள். 1981 யூன் 1 விடியும்போது எரிந்துகொண்டிருந்த நூலகத்தையும் அதில் போன ஏறக்குறைய 97,000 புத்தகங்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்தோம். ஒரு ஊரை, ஒரு கோயிலை, ஒரு நூலகத்தை எரிப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் நடந்தால் அநியாயம், எங்கள் அரசன் செய்தால் வீரம் என்று இரண்டு அளவுகோல் வைத்திருக்க முடியுமா?

அவளுக்கு நான் இரண்டு விஷயங்கள் சொன்னேன்.

முதலாவது, அந்தச் சண்டையைத் "தமிழர், கன்னடர் சண்டை" என்று நினைப்பது நாங்கள் பிறகு ஒட்டிய பெயர்ச்சீட்டு. புலிகேசியைப் புகழும் ஐஹோளே கல்வெட்டு கன்னடத்தில் இல்லை, சமஸ்கிருதத்தில் இருக்கிறது. நரசிம்மவர்மனின் படையில் யார் இருந்தார்கள் தெரியுமா? மானவர்மன் என்ற இலங்கை இளவரசன். அநுராதபுர அரியணையை இழந்து, பல்லவரிடம் அடைக்கலம் வந்தவன். சாளுக்கிய அரசனை "வல்லபன்" என்று சொல்லி, அவனுக்கு எதிராக மானவர்மன் நரசிம்மனோடு நின்று போரிட்டதை, மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் எழுதியிருக்கிறது. பிறகு பல்லவப் படையின் துணையோடு அவன் அநுராதபுரத்தில் அரசனானான். சிங்கள இளவரசன் காஞ்சி அரசனுக்காக வாதாபி அரசனோடு சண்டை போடுகிறான். இன்றைய கட்சிகளை இதில் எங்கே வைப்பீர்கள்?

இரண்டாவது, "நாங்கள்" யார் என்பதை நாங்களே தெரிவு செய்யலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் பட்டடக்கல்லில் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கோயில் பொன்னைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தவன் எங்கள் மொழி பேசியவன் அல்ல. ஆனால் நான் பின்பற்ற விரும்புவது அவனை. வரலாறு சொந்தம் என்றால் இரத்தத்தால் மட்டும் சொந்தம் என்று இல்லை.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆனா எரிச்சும் இந்தக் குகை எல்லாம் அப்படியே இருக்கே" என்றாள். உண்மை. 578இல் செய்த குடைவரை 642ஐயும் தாண்டி இன்றும் இருக்கிறது. "அழித்தான்" என்று செப்பேடு சொல்வதால் எல்லாம் அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. வாசித்ததைக் கண்ணால் பார்த்தோடு ஒப்பிட வேண்டும். அதற்காகத்தான் இந்த நூறு கிலோமீட்டர்.

நீங்கள் போவதென்றால்

அக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை நல்ல காலம். ஏப்ரல், மே மாதங்களில் பாறையும் வெயிலும் சேர்ந்து வாட்டும்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். கோயில்கள் திறந்திருக்கும், ஆனால் ஐஹோளேயிலும் பாதாமியிலும் உள்ள தொல்லியல் துறை அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

வாகனம் பேசும்போதே மூன்று ஊர்ப் பெயரையும் சொல்லி, முழு நாள் வாடகைக்குப் பேசுங்கள். மொத்தக் கிலோமீட்டர், சாரதியின் பேட்டா எல்லாம் முதலிலேயே தெளிவாக இருக்கட்டும். புறப்பட்ட பிறகு "இங்கேயும் ஒருக்கா நிப்பாட்டுங்கோ" என்று கேட்பது சாரதிக்கு நட்டம்.

நேரக் கணக்கு இப்படி: ஐஹோளேயில் ஒன்பது முதல் பதினொன்றரை. பட்டடக்கல்லில் பன்னிரண்டு முதல் ஒன்றரை. பாதாமியில் சாப்பாட்டோடு இரண்டரை முதல் ஐந்தரை. இரவு எட்டரை அளவில் ஹூப்ளி. விமானத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள். அன்று இரவுக்கே வைத்தால் நாள் முழுவதும் கடிகாரத்தைத்தான் பார்ப்பீர்கள்.

தடித்த காலுறை ஒன்று கொண்டு போங்கள். விருபாக்ஷர் கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், மத்தியானக் கல் சுடும். பாதாமியில் குரங்குகள் அதிகம். கையில் உணவுப் பை வைத்திருக்காதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுச்சீட்டு விலை கூட. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் அதைக் கையோடு எடுத்து வந்தால் அவர்களுக்கு இந்தியர்களுக்கான விலைதான்.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இந்தியாவுக்குப் போனால் கல்யாணச் சேலை எடுக்கக் காஞ்சிபுரம் போகாமல் திரும்புவது அரிது. அடுத்த முறை சேலைக் கடையில் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் இருக்கும்போது, நீங்கள் ஒரு ஆட்டோ பிடித்துக் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். முன்மண்டபத்துத் தூண்களில் கன்னட எழுத்தைத் தேடுங்கள். ஹம்பிச் சாலையில் பாதி வாசித்த கதையின் மற்றப் பாதி அந்தத் தூணில் இருக்கிறது.